திண்ணையில் உட்கார்ந்து காலை ஆட்டுங்கள்

நேயர்களுக்கு வணக்கம். "உட்கார்ந்துகொண்டு காலை ஆட்டாதே, வீட்டுக்கு ஆகாது" என்று சின்ன வயதில் திட்டு வாங்காதவர் நம்மில் யாராவது உண்டா? குடியாத்தம் வீட்டுத் திண்ணையில் என் பாட்டியிடம் நானும் வாங்கியிருக்கிறேன். பிறகு பிசியோதெரபி படித்து, முட்டி வலி என்று வந்தவர்களையெல்லாம் உட்கார வைத்துக் காலை ஆட்டச் சொன்னதே என் பிழைப்பாகிவிட்டது. பாட்டி இருந்திருந்தால் மன்னித்திருக்க மாட்டாள்.

எங்கள் ஊர்ப்பக்கம் பீடி சுற்றும் பெண்கள் அதிகம். மடியில் முறம், முறத்தில் இலையும் தூளும், கால் சம்மணம். காலையில் உட்கார்ந்தால் சோற்றுக்குத்தான் எழுந்திருப்பார்கள். அப்படி ஓர் அம்மா வந்தார், ஐம்பது வயதிருக்கும். நாற்காலியை விட்டு எழுவதற்கு முன் இரண்டு முட்டியையும் பிடித்துக்கொண்டார். மூச்சை அடக்கி, பல்லைக் கடித்து, ஒரே உந்தில் எழுந்தார். முட்டி மடங்கி நிமிர வேண்டிய வேலைக்கு உடம்பு முழுக்க முறுக்கேறிவிட்டது. "சவ்வு தேய்ந்துவிட்டதாம் ஐயா. இனி அசைக்காமல் வைத்துக்கொள்ள வேண்டியதுதானே?" என்றார்.

இல்லை அம்மா, என்றேன். அவர் சொன்ன சவ்வு, அதாவது குருத்தெலும்பு, அதற்கு இரத்தக் குழாயே கிடையாது. முட்டிக்குள் முட்டை வெள்ளைக்கரு மாதிரி ஒரு திரவம் இருக்கிறது, அதிலிருந்துதான் அதற்குச் சாப்பாடு. பாத்திரம் தேய்க்கும் பஞ்சை அமுக்கி விட்டால் தண்ணீரை உறிஞ்சுகிறதே, அதேபோல அசைய அசையத்தான் அது உறிஞ்சும். அசைக்காத முட்டி பட்டினி கிடக்கும். நேயர்களே, இதை இன்னொரு முறை சொல்கிறேன்: அசைக்காத முட்டி பட்டினி கிடக்கும்.

தரையில் பாதம் படாத உயரமான பெஞ்சில் அவரை உட்கார வைத்து, காலைத் தொங்கவிட்டுக் கடிகார ஊசல் போல ஆட்டச் சொன்னேன். ஆடவில்லை. அவர் கையையே தொடைமேல் வைத்துப் பார்க்கச் சொன்னேன். "கல்லாக இருக்கிறதே" என்றார். அதன்பிறகு நான் முட்டியைப் பற்றிப் பேசவே இல்லை. பேரனைப் பற்றிக் கேட்டேன். பீடி கட்டும் நூலை அவன் திருடிப் பட்டம் விட்ட கதையைச் சொல்லிச் சிரித்தார். கால் ஆடத் தொடங்கியிருந்தது. எந்த நொடியில் என்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

ஃபெல்டன்கிரைஸ் என்று ஓர் இயற்பியலாளர், 1904இல் பிறந்தவர், ஜூடோ கற்றவர். முட்டி அடிபட்டபோது தன் உடம்பின் சின்னச் சின்ன அசைவுகளைக் கவனித்துக் கவனித்து ஒரு பயிற்சி முறையையே உருவாக்கினார். என் அப்பாவுக்கு அவரைத் தெரியாது. குழித்தறியில் காலைத் தொங்கவிட்டு, இடமும் வலமும் மாற்றி மாற்றி மிதித்தவர். முதுகு வலிக்கிறது என்பார், முட்டியைப் பற்றி ஒரு நாளும் சொன்னதில்லை. இது ஆராய்ச்சி இல்லை, என் அப்பாவின் கால், அவ்வளவுதான்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கையைக் காட்டுகிறார்கள், நேரமாகிவிட்டதாம். படியேறுவதைப் பற்றித்தான் நிறைய பேச நினைத்திருந்தேன். சுருக்கமாகச் சொல்கிறேன். உடம்பில் ஒரு கிலோ குறைந்தால், நடக்கும்போது ஒவ்வோர் அடியிலும் முட்டியின் சுமை ஏறக்குறைய 4 கிலோ குறையும். வேலூர் வெயிலில் வேண்டாம், விடியற்காலையில் கோட்டை அகழி ஓரமாக நடங்கள். முட்டி வீங்கிச் சுட்டாலோ, மடக்கியது நிமிராமல் மாட்டிக்கொண்டாலோ, கால் ஊன்ற முடியாவிட்டாலோ, காலை ஆட்டிக்கொண்டிருக்காமல் மருத்துவரிடம் போங்கள். படி ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது வலிக்கிற கால் முதலில். சோளிங்கர் பெரிய மலைக்கு இப்போது ரோப் கார் இருக்கிறது, வெட்கப்படாமல் ஏறுங்கள். வணக்கம்.