வெயிலில் தளரும் காவல்

நேயர்களுக்கு வணக்கம். சித்திரை பிறந்த இரண்டு மூன்று நாளில் நண்பகல் சூரியன் மதுரைக்கு நேர் உச்சியில் நிற்கும். திருவிழாவும் அதையொட்டித்தான். அழகர் ஆற்றில் இறங்கிய அன்று பகலெல்லாம் வைகை மணலில் நின்றவர்கள் சிலர், அடுத்த சில நாளில் உதட்டோரம் கொத்துக் கொப்புளத்தோடு வருவார்கள். “சூட்டுக் கொப்புளம் டாக்டர், இளநீர் குடிச்சும் அடங்கலை” என்பார்கள்.

வெயில் மேல் பழி போடுவது சரி. சூட்டின் மேல் போடுவதுதான் தப்பு. அது ஹெர்பிஸ் வைரஸ். பெரும்பாலும் சின்ன வயதில் ஒட்டி, முகத்து நரம்பு முடிச்சில் பதுங்கிக் கிடப்பது. வெயிலிலுள்ள புற ஊதாக் கதிர் அதைக் கிளப்பிவிடும். தோலின் காவல் அந்நேரம் தளர்ந்திருப்பது அதற்குத் தோது. உதட்டில் சுருசுருவென்றதுமே மாத்திரை எடுத்தால் பலன் உண்டு. பொருக்குத் தட்டியபின் வந்தால் எனக்கு அங்கே பெரிய வேலை இல்லை.

அந்தக் காவல் யார்? 1868-இல் பெர்லினில் பவுல் லாங்கர்ஹான்ஸ் என்ற மருத்துவ மாணவர், மேல்தோலில் கிளைகிளையாகக் கை நீட்டிய செல்களைக் கண்டார். நரம்பு செல் என்றே நினைத்தார். உண்மையில் அவை ஊர்த் தலையாரி மாதிரி. கிருமியின் துணுக்கைப் பிடித்து, அக்குளிலும் தொடை இடுக்கிலும் நெறி கட்டுமே, அந்த நிணநீர்க் கணுக்களுக்குக் கொண்டுபோய் வெள்ளணுக்களுக்கு அடையாளம் காட்டும்.

புற ஊதாவில் ஒரு வகையான ‘பி’ கதிர் பட்டால் இவை கையைச் சுருக்கிக்கொள்ளும். பல இடத்தைக் காலி செய்யும். மேல்தோலிலுள்ள யூரோகானிக் அமிலம் வடிவம் மாறி, ‘சும்மா இரு’ என்று சைகை காட்டும். செல்களின் டிஎன்ஏ சேதமும் அதையே சொல்லும். வெயிலில் அடிபட்ட சொந்தச் செல்லையே உடம்பு தாக்காமலிருக்க இந்த ஏற்பாடு என்பது ஒரு விளக்கம். எனக்கும் அது நியாயமாகப் படுகிறது.

விலையும் உண்டு. 1970-களில் அமெரிக்காவில் மார்கரெட் கிரிப்கே, புற ஊதாவால் எலிகளுக்கு வந்த தோல் கட்டிகளை மற்ற எலிகளுக்கு மாற்றி வைத்தார். சாதாரண எலிகள் அவற்றை ஒழித்துக்கட்டின. முன்பே அந்தக் கதிர் பட்ட எலிகளில் கட்டி வளர்ந்தது.

கறுத்த தோலுக்கு இதெல்லாம் இல்லை என்பவர்கள் உண்டு. மெலனின் புற்றுநோயிலிருந்து நம்மை நன்றாகவே காக்கிறது. ஆனால் காவல் தளர்வதை அது முழுக்கத் தடுப்பதில்லை.

இதே தளர்வுதான் எங்களுக்கு மருந்தும். தோல் தடித்துச் செதில் உதிரும் சொரியாசிஸ் நோயில் காவல் அளவுமீறிக் கொந்தளிக்கிறது. 311 நானோமீட்டர் அலைநீளமுள்ள புற ஊதா பி கதிரை விளக்கிலிருந்து அளந்து கொடுத்து அடக்குகிறோம். வெண்புள்ளிக்கும் அதே விளக்குதான். அதைக் கேட்டுவிட்டு உச்சி வெயிலில் மொட்டைமாடியில் போய் நிற்காதீர்கள். சூரியனுக்கு அளவு தெரியாது. சிறுநீரக மாற்று செய்து, எதிர்ப்பை அடக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் பத்து மணி முதல் மூன்று மணி வரை வெளியே போனால் முழுக்கைச் சட்டையும் குடையும் கட்டாயம்.