களஞ்சியச் சாவி யாரிடம் இருக்கிறது?

நண்பர்களே, உணவுப் பாதுகாப்பு என்றதும் எல்லாரும் விளைச்சலைப் பற்றித்தான் பேசுகிறோம். விளைந்தது அப்புறம் என்ன ஆகிறது என்று கேட்பவர்கள் குறைவு. அறுவடை முடிந்து கடைக்கு வருவதற்குள் உலகின் உணவில் சுமார் 14 சதவீதம் வீணாகிறது என்று ஐ.நா.வின் உணவு வேளாண்மை அமைப்பு 2019இல் கணக்குச் சொன்னது. வண்டு தின்றதும் பூசணம் பிடித்ததும் அதில் அடக்கம்.

இதைத் தடுக்கும் திறமை, வந்துவிட்டுப் போகிற அதிகாரியிடம் மட்டும் இருந்தால் போதாது. ஊரிலேயே குடியிருப்பவர் கைக்கு வர வேண்டும்.

தானியம் காய்ந்துவிட்டதா என்று எப்படிப் பார்ப்பது? இதோ, ஈரமில்லாத ஒரு கண்ணாடி பாட்டில். கால் பாகம் தானியம், ஒரு கரண்டி நன்கு உலர்ந்த உப்பு. மூடி, ஒரு நிமிடம் குலுக்குகிறேன். கால் மணி நேரம் கழித்துப் பார்க்க வேண்டும். உப்பு கண்ணாடியில் ஒட்டிக்கொண்டிருந்தால் தானியத்தில் 15 சதவீதத்துக்கு மேல் ஈரம் இருக்கிறது. மூட்டை கட்டினால் பூசணம்தான். ஒட்டவில்லையா? சரி, ஆனால் மாதக்கணக்கில் வைப்பதென்றால் இன்னும் காயட்டும், 13 சதவீதம் அளவுக்கு இறங்க வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாதவரும் இதைச் செய்யலாம், அடுத்த வீட்டுக்காரருக்குச் சொல்லியும் கொடுக்கலாம்.

1989இல் இந்தோனேசியாவில் தொடங்கிய உழவர் வயல்வெளிப் பள்ளியும் இப்படித்தான். வயலே வகுப்பறை. உழவர்கள் பூச்சிகளைப் பிடித்து, எது பயிரைத் தின்கிறது, எது அந்தப் பூச்சியைத் தின்கிறது என்று வரைந்து பார்த்து, மருந்து வேண்டுமா என்பதைத் தாங்களே கூடிப் பேசி முடிவு செய்தார்கள்.

ஆனால் என்னை அதிகம் கவலைப்பட வைப்பது தானிய வங்கி. பஞ்ச மாதத்தில் கடனாக வாங்கி, அறுவடையில் கொஞ்சம் கூட்டித் திருப்பித் தரும் ஏற்பாடு அது. கட்டடம் கட்டுவது எளிது. கணக்கை ஒருவரே எழுதி, சாவியையும் அவரே வைத்திருந்தால் சந்தேகம் முளைக்கும், கடன் திரும்பாது. சாவி இருவரிடம் இருக்கட்டும், கணக்கை எல்லார் முன்னாலும் உரக்கப் படிக்கட்டும். ஊர் முழுக்க விளைச்சல் பொய்த்தால் கடனை என்ன செய்வது என்பதையும் நல்ல வருஷத்திலேயே பேசி எழுதி வைக்க வேண்டும். பசி வந்த பிறகு அந்தப் பேச்சைத் தொடங்கினால் சண்டையில்தான் முடியும்.

மேடைக்குக் கீழே இன்னும் நான்கு பாட்டில்கள் வைத்திருக்கிறேன். இரண்டில் ஈரத் தானியம். எவை என்று சொல்ல மாட்டேன், வந்து குலுக்கிப் பாருங்கள்.