கடல்காரருக்குச் சிகிச்சை எந்த மாதத்தில்?

வணக்கம் நேயர்களே. குடியையும் போதைத்தூளையும் விடவைக்கும் சிகிச்சை பற்றித்தான் பேசப்போகிறேன். உங்கள் வீட்டில் இல்லாவிட்டாலும் ஒழுங்கையில் ஒருவராவது இருப்பார்.

திருகோணமலையில், நிலாவெளிப் பக்கத்தில் ஒரு கடல்தொழிலாளி. மனைவியும் தாயும் கெஞ்சி, வெளிமாவட்ட நிலையமொன்றில் சேர்த்தார்கள். கைநடுக்கம் மருந்தோடு அடங்கியது. அப்புறம் வட்டமாக உட்கார்ந்து மனம்விட்டுக் கதைக்கும் நேரம். எல்லாம் சிங்களத்தில். மீன் விலை பேசுமளவு சிங்களம் இவருக்குத் தெரியும். 2004 சுனாமியில் தகப்பனைப் பறிகொடுத்ததைச் சொல்ல அது காணாது. தலையாட்டிக்கொண்டே இருந்தார். நல்ல ஒத்துழைப்பு என்று எழுதி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். மீன் பட்ட முதல் கிழமையே, பங்குக்காசு பிரித்த இடத்தில் போத்தல் திறந்தார்.

அடுத்தமுறை ஊரிலேயே, தமிழ் பேசும் உளவளத்துணையாளர். அவர் முதலில் கேட்டது: "பங்குக்காசு எத்தனை மணிக்கு, யார் கையில் வருகிறது?" கேட்டதோடு விடவில்லை. தோணிச் சொந்தக்காரரான சம்மாட்டியிடம் பேசி, காசு மனைவி கைக்குப் போக வழிசெய்தார். காலை எட்டு மணி கிளினிக்கைப் பின்னேரத்துக்கு மாற்றினார். இராக்கடல் போனவர் காலையில் மீன் விற்றுக்கொண்டல்லவா நிற்பார்! வாடைக்காற்றில் தோணி கரையில் கிடக்கும் மாதங்களில் சந்திப்பைக் கூட்டினார். இன்றும் அந்தக் கடல்தொழிலாளி இடைக்கிடை சறுக்குவார், ஆனால் திரும்பி வருகிறார். சுவரில் சாமிப்படமும் தமிழ்ப் பெயர்ப்பலகையும் போதும் என்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. காசு கைமாறும் நேரத்தைக் கேட்காத சிகிச்சை, மறுபடியும் சொல்கிறேன், இந்தக் கரையில் எடுபடாது.

அதற்காகப் பண்பாடு வேண்டாம் என்று சொல்லவில்லை. கனடாவில் அல்கலி லேக் என்றொரு பூர்வகுடி ஊர். 1970களின் தொடக்கத்தில் ஒரு தம்பதி குடியை விட்டதில் தொடங்கி, சில வருடங்களில் ஊரில் பெரும்பாலானோர் விட்டார்கள். தங்கள் பழைய சடங்குகளையும் திரும்ப எடுத்தார்கள்.

சரி, முஸ்லிம் மக்கள் நிறைந்த நம் கிண்ணியா, மூதூருக்கு வருவோம். மார்க்கம் தடுத்ததைச் செய்துவிட்டோம் என்ற வெட்கத்தில் பொடியன் கிளினிக் வரிசையில் நிற்கவே அஞ்சுவான். அவனுக்கு ஒதுக்கமான அறை வேண்டும். நோன்பு மாதத்தில் மருந்து வேளையை ஸஹருக்கும் இப்தாருக்கும் மாற்றலாமா என்று வைத்தியரைக் கேளுங்கள். வெருகல், ஈச்சிலம்பற்று வேடர் மக்களைப் பற்றியும் சொல்ல இருந்தேன், நேரம் முடிகிறதென்று கை காட்டுகிறார்கள்.

இதை மட்டும் கேளுங்கள். நாள்தோறும் நிறையக் குடிப்பவர் திடீரென நிறுத்தினால் 2, 3 நாட்களுக்குள் வலிப்பும் பிதற்றலும் வரலாம்; உயிருக்கே ஆபத்து. அறையில் பூட்டிவைக்காதீர்கள், ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். யாரிடம் கேட்பதென்று தெரியாவிட்டால் தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இலக்கத்துக்கு எடுத்து, தமிழில் பேசுபவரைக் கேளுங்கள். நன்றி, வணக்கம்.