ஃபோலிக் ஆசிட்: நாள் தள்ளிப்போகும் முன்பே தொடங்க வேண்டிய மாத்திரை

[திரையில்: ஒரு காலண்டர். ஒரு விரல் தேதிகளைத் தொட்டபடி நகர்கிறது.]

ஒன்றாம் தேதி மாதவிலக்கு வந்தது என்று வைத்துக்கொள்வோம். 14ஆம் நாள் வாக்கில் கரு உருவாகிறது. 29ஆம் நாள் அடுத்த மாதவிலக்கு வந்திருக்க வேண்டும், வரவில்லை. இன்னும் நாலு நாள் பார்க்கலாம் என்று இருப்போம். அப்புறம் டெஸ்ட். அப்புறம் டாக்டரிடம் போக நேரம் கிடைக்க வேண்டும். அதற்குள் 42ஆம் நாள் வந்துவிடும். குழந்தையின் நரம்புக் குழாய் அதற்குள் மூடி முடிந்திருக்கும்.

[திரையில்: நீளமான காகிதப் பட்டை, மெதுவாகச் சுருள்கிறது.]

முதலில் அது குழாயே இல்லை, தட்டையான ஒரு பட்டை. நடுவில் பள்ளம் விழுகிறது. இரண்டு ஓரங்களும் எழும்பி, ஒன்றையொன்று தொட்டு ஒட்டிக்கொள்கின்றன. கருவின் மொத்த நீளமே அப்போது சுமார் 4 மில்லிமீட்டர்தான். மேல் பகுதி மூளையாகும், கீழ்ப் பகுதி தண்டுவடமாகும். மேல் முனை மூடவில்லை என்றால் அந்தக் குழந்தை பிழைக்காது. கீழே மூடவில்லை என்றால் ஸ்பைனா பைஃபிடா. கால் அசைவும் சிறுநீர்க் கட்டுப்பாடும் வாழ்நாள் முழுக்கப் பாதிக்கப்படலாம்.

இவ்வளவு வேகமாகச் செல்கள் பெருக வேண்டுமானால் டி.என்.ஏ தயாராக வேண்டும். அதற்கு ஃபோலேட் தேவை. அந்த வைட்டமினின் மாத்திரை வடிவம்தான் ஃபோலிக் ஆசிட். 1991இல் வெளியான ஒரு பெரிய ஆய்வு 7 நாடுகளில் நடந்தது. முந்தைய கர்ப்பத்தில் குழந்தைக்கு இந்த நரம்புக் குழாய்க் குறைபாடு ஏற்பட்ட பெண்கள் அதில் கலந்துகொண்டார்கள். ஃபோலிக் ஆசிட் எடுத்தவர்களுக்கு மறுபடியும் அப்படி நடப்பது 72 சதவீதம் குறைந்தது.

சரி, எவ்வளவு எடுக்க வேண்டும்? தினமும் 400 மைக்ரோகிராம், குழந்தைக்கு முயற்சி செய்யும் நாளிலிருந்து கர்ப்பத்தின் 12ஆம் வாரம் வரை. முன்பு இந்தக் குறைபாடு வந்திருந்தாலோ, வலிப்புக்கு மாத்திரை சாப்பிட்டாலோ அளவு கூடும். அதை டாக்டர்தான் எழுதித் தர வேண்டும்.

[திரையில்: ஆயிரம் புள்ளிகள். இரண்டு மட்டும் நிறம் மாறுகின்றன.]

இனி மனம் பற்றி. நார்வேயில் 85,176 குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்த ஆய்வு 2013இல் வந்தது. கர்ப்பத்தை ஒட்டிய வாரங்களில் தாய் ஃபோலிக் ஆசிட் எடுக்காத குழந்தைகளில் ஆயிரத்துக்கு ஏறக்குறைய 2 பேருக்கு ஆட்டிசம் கண்டறியப்பட்டது. எடுத்தவர்களின் குழந்தைகளில் ஆயிரத்துக்கு 1. நல்ல செய்திதான். ஆனால் இது கவனித்துச் சொன்ன கணக்கு. முன்கூட்டியே மாத்திரை எடுக்கும் பெண்ணுக்கு வேறு பல வசதிகளும் இருந்திருக்கலாம். மாத்திரைதான் காரணம் என்று இதை வைத்து அடித்துச் சொல்ல முடியாது.

இதை அழுத்திச் சொல்ல எனக்கு ஒரு காரணம் உண்டு. "அப்போது மாத்திரை போட்டிருந்தால் என் குழந்தை இப்படி இருந்திருக்காதோ?" என்று ராத்திரியெல்லாம் தூங்காமல் கிடக்கும் தாய்மார்கள் இருக்கிறார்கள். அம்மா, அந்த ஆயிரம் புள்ளிகளை இன்னொரு முறை பாருங்கள். மாத்திரை எடுக்காதவர்களிலும் 998 புள்ளிகள் நிறம் மாறவில்லை. எடுத்தவர்களிலும் ஒன்று மாறியிருக்கிறது. உங்கள் மேல் பழி போட இந்த ஆய்வில் எதுவும் இல்லை.

தாயின் மனச்சோர்வுக்கு ஃபோலிக் ஆசிட் மருந்தாகாது. உலக சுகாதார நிறுவனக் கணக்குப்படி கர்ப்பிணிகளில் சுமார் 10 சதவீதம் பேருக்கும், பிரசவித்தவர்களில் சுமார் 13 சதவீதம் பேருக்கும் மனநலப் பிரச்சினை வருகிறது, அதிலும் மனச்சோர்வுதான் அதிகம். ஏற்கெனவே மனநல மருந்து எடுப்பவர்கள் பயந்துபோய்த் தாங்களாகவே நிறுத்திவிடக் கூடாது. நோய் திரும்பி வந்தால் தாய்க்கும் ஆபத்து, குழந்தைக்கும் ஆபத்து. குறிப்பாக, வலிப்புக்கும் சில மனநோய்களுக்கும் தரப்படும் வால்ப்ரோயேட் மருந்தை எடுப்பவர்கள் கர்ப்பத்துக்கு முன்பே டாக்டரிடம் பேசியாக வேண்டும். அது நரம்புக் குழாயைப் பாதிக்கக்கூடியது, ஃபோலிக் ஆசிட் எவ்வளவு எடுத்தாலும் அந்த ஆபத்து முழுதாகப் போகாது.

[திரையில்: பத்துக் கேள்விகள் கொண்ட ஒரு தாள், பக்கத்தில் ஒரு பேனா.]

இது தாயின் மனச்சோர்வைக் கண்டறிய உதவும் எடின்பரோ கேள்வித்தாள். 1987 முதல் இருக்கிறது, நிரப்ப ஐந்து நிமிடம் போதும். கடந்த 7 நாட்களில் சிரிக்க முடிந்ததா, காரணமில்லாமல் பதற்றம் வந்ததா என்று கேட்கும். தன்னையே காயப்படுத்திக்கொள்ளும் எண்ணம் வந்ததா என்பது பத்தாவது கேள்வி. அதற்கு ஆமாம் என்றால் அன்றைக்கே டாக்டரைப் பார்க்க வேண்டும். அடுத்த செக்கப்பில் பிபி பார்த்த கையோடு இந்தத் தாளையும் கேட்டு வாங்குங்கள்.