பூட் ஆனபோது "அக்கவுண்டிங்" என்று வந்தது, ஆனால் ஓடவில்லை

வணக்கம் நண்பர்களே. திரையில் ஓடுவது 4.3 பிஎஸ்டி யூனிக்ஸ் என்ற பழைய ஆபரேட்டிங் சிஸ்டம். 1986-இல் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் இருந்து வெளிவந்தது. இது ஓடிய வாக்ஸ் 11/780 கம்ப்யூட்டர் நிஜமாக என்னிடம் இல்லை, பழைய கம்ப்யூட்டர்களைப் போலச் செய்யும் சிம்எச் சிமுலேட்டரில்தான் ஓட்டுகிறேன்.

போன வாரம் கன்சோலில் "அக்கவுண்டிங் சஸ்பெண்டட்", அதாவது கணக்கெழுதுவது நிறுத்தப்பட்டது என்று ஒரு வரி வந்தது. அக்கவுண்டிங் என்பது இதுதான்: ஒவ்வொரு ப்ராசஸ் (ஓடும் ப்ரோகிராம்) முடியும்போதும், சிஸ்டத்தின் மையப் பகுதியான கர்னல் ஒரு குறிப்பு எழுதும். என்ன கமாண்ட், யார் ஓட்டினார், எவ்வளவு நேரம், எந்த டெர்மினல், எல்லாம் 32 பைட்டுக்குள். அது சேர்கிற இடம் "அக்ட்" என்ற ஃபைல். ஒரே இயந்திரத்தைப் பலர் பகிர்ந்துகொண்ட காலத்தில், யார் எவ்வளவு பயன்படுத்தினார் என்று கணக்குச் சொன்னது இதுதான்.

அந்த ஃபைல் இருக்கும் பார்ட்டிஷனில் (டிஸ்க்கின் பகுதியில்) காலி இடம் 2 சதவீதத்துக்குக் கீழே போனால் கர்னல் எழுதுவதை நிறுத்திவிடும். 4 சதவீதத்தைத் தாண்டினால் தானாகவே தொடரும். சரி, டிஸ்க் எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்று காட்டும் டிஎஃப் கமாண்டைப் போட்டுப் பார்த்தேன். 109 சதவீதம்! பயப்பட வேண்டாம், கணக்கு சரிதான். இந்த ஃபைல் சிஸ்டம் 10 சதவீத இடத்தை ஒதுக்கி வைத்துவிட்டு, மீதி 90-ஐத்தான் நூறாகக் காட்டுகிறது. மொத்தத்தில் 98 நிரம்பினால் 109 என்று வரும். இதிலேயே ஒரு துப்பு இருக்கிறது பாருங்கள். ஒதுக்கிய அந்த இடத்தில் ரூட், அதாவது எல்லா அதிகாரமும் உள்ள நிர்வாகி யூசர் மட்டும்தான் எழுத முடியும். அப்படியானால் நிரப்பியது சாதாரண யூசர் இல்லை. ஆமாம், முந்தைய நாள் ரூட்டாக இருந்துகொண்டு சிஸ்டத்தின் சோர்ஸ் கோட் முழுவதையும் அங்கேயே பிரித்துப் போட்டிருந்தேன்.

இடம் வேண்டுமே என்று அக்ட் ஃபைலை ஆர்எம் கமாண்டால் அழித்தேன். தவறு அங்கேதான். கர்னல் அதைத் திறந்தே வைத்திருப்பதால் இடம் திரும்பி வரவில்லை. அப்புறம் ரீபூட் செய்தேன். "அப்டேட், க்ரான், அக்கவுண்டிங்" என்று வழக்கம்போல் வரிசையாக வந்தது. நம்பிவிட்டேன். அக்ட் பதிவுகளைப் படித்துக் காட்டும் லாஸ்ட்காம் கமாண்டை ஓட்டினால் அப்படி ஒரு ஃபைலே இல்லை என்கிறது!

பூட் ஆகும்போது ஓடும் ஆர்சி ஸ்கிரிப்டைத் திறந்தபோது புரிந்தது. அக்கவுண்டிங்கைத் தொடங்கும் அக்ட்ஆன் கமாண்டுக்கும், அடுத்து வரும், திரையில் எழுத்தைக் காட்டும் எக்கோவுக்கும் நடுவில் இருப்பது வெறும் அரைப்புள்ளி. முதலாவது தோற்றாலும் இரண்டாவது "அக்கவுண்டிங்" என்று எழுதிவிடும். அக்ட்ஆன் ஃபைலை உருவாக்காது, ஏற்கெனவே இருக்கிற ஃபைலைத்தான் கேட்கும்.

சரிசெய்வது எளிது. முதலில் சோர்ஸை வேறு டிஸ்க்குக்கு மாற்றினேன். பிறகு எப்போதும் காலியாகவே இருக்கும் டெவ்-நல் என்ற சிறப்பு ஃபைலை அக்ட் என்ற பெயரில் காப்பி செய்தால் காலி ஃபைல் தயார். அக்ட்ஆன் ஓட்டியதும் லாஸ்ட்காம் பேசத் தொடங்கிவிட்டது.

அக்ட் வளர்ந்துவிட்டால் தயவுசெய்து அழிக்காதீர்கள். அக்கவுண்டிங் பதிவுகளைத் தொகுக்கும் எஸ்ஏ கமாண்டை மைனஸ் எஸ் போட்டு ஓட்டுங்கள். பதிவுகளைச் சுருக்கத்தில் சேர்த்துவிட்டு, ஃபைலை அதே இடத்தில் வைத்தே காலி செய்துவிடும். பத்து லட்சம் ப்ராசஸ் ஓடினால் 32 எம்பி. அன்றைய ஆர்ஏ81 டிஸ்க் மொத்தமே 456 எம்பிதான். நான் இப்போது இந்த எஸ்ஏ கமாண்டைத் தினமும் இரவு க்ரானில் (குறித்த நேரத்தில் தானாக ஓட்டும் ப்ரோகிராமில்) ஓட விட்டிருக்கிறேன்.