வழக்கு போகாது, வாக்குமூலம்தான் போகும்

வணக்கம். அமெரிக்காவில் போலீஸ் கைது செய்யும்போது, பேசாமல் இருக்கலாம், வக்கீல் வைத்துக்கொள்ளலாம் என்ற உரிமைகளைப் படித்துக் காட்டி எச்சரிக்காவிட்டால் வழக்கே தள்ளுபடியாகிவிடும் என்று நம்மில் நிறையப் பேர் நம்புகிறோம். அப்படி இல்லை.

அந்த எச்சரிக்கைக்கே பெயர் தந்த எர்னெஸ்டோ மிராண்டாவின் கதையைப் பாருங்கள். 1963 இல் ஃபீனிக்ஸ் நகரில், ஒரு பெண்ணைக் கடத்திப் பாலியல் வன்கொடுமை செய்த வழக்கில் அவரைப் பிடித்தார்கள். இரண்டு மணி நேர விசாரணை, கடைசியில் கையெழுத்துப் போட்ட வாக்குமூலம். வக்கீல் வைத்துக்கொள்ளலாம் என்று ஒருவரும் அவரிடம் சொல்லவில்லை. 1966 இல் உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் அந்த வாக்குமூலம் செல்லாது என்றது. சரி, ஆள் வெளியே வந்தாரா? இல்லை. 1967 இல் மறுவிசாரணை நடந்தது. முன்பு அவரோடு வாழ்ந்த பெண்ணிடம் அவர் குற்றத்தை ஒப்புக்கொண்டிருந்தார். அந்தப் பெண் வந்து சாட்சி சொல்ல, மறுபடியும் தண்டனை.

ஆக, படிக்காவிட்டால் அடிபடுவது வாக்குமூலம் மட்டும்தான். அதுவும் ஆள் காவலில் இருந்து, போலீஸ் கேள்வி கேட்டு, அதற்குச் சொன்ன பதிலாக இருக்க வேண்டும். கைது செய்துவிட்டு ஒரு கேள்வியும் கேட்காவிட்டால் படிக்க வேண்டிய கட்டாயமே இல்லை. அந்த வாக்குமூலத்துக்கும் முழுத் தடை கிடையாது. நீங்கள் கூண்டில் ஏறி வேறு மாதிரிச் சொன்னால், அன்று இப்படிச் சொன்னாயே என்று அதையே எடுத்து நீட்டலாம் என்று 1971 இல் தீர்ப்பு வந்தது. நீங்களாக வாய்விட்டுச் சொன்னதைப் பிடித்துக்கொண்டு போய்த் துப்பாக்கியை எடுத்தால், அந்தத் துப்பாக்கி சாட்சியமாக நிற்கும் என்றது 2004 தீர்ப்பு. எச்சரிக்கை சொல்லவில்லை என்பதற்காக மட்டும் போலீஸ்காரர்மேல் நஷ்டஈடு கேட்டு வழக்குப் போடவும் முடியாது, அது 2022 தீர்ப்பு.

எனக்கு மனசு ஆறாதது 2010 தீர்ப்புதான். மிச்சிகனில் கொலைச் சந்தேகத்தில் பிடிபட்ட ஒருவருக்கு உரிமைகளைச் சொன்னார்கள். ஏறக்குறைய மூன்று மணி நேரம் அவர் அநேகமாக வாயே திறக்கவில்லை. அப்புறம், அந்தப் பையனைச் சுட்டதற்காகக் கடவுளிடம் மன்னிப்புக் கேட்கிறாயா என்ற கேள்விக்கு, ஆமாம் என்றார். அந்த ஒரு சொல் அவருக்கு எதிராக ஏற்கப்பட்டது. மௌனமாக இருந்தாலே மௌன உரிமையைக் கேட்டதாக ஆகாதாம், அதை வாய்விட்டுச் சொல்ல வேண்டுமாம்! நான் பேச விரும்பவில்லை, வக்கீல் வேண்டும் என்று அவர் தெளிவாகச் சொல்லியிருந்தால், கேள்விகளை அந்த இடத்திலேயே நிறுத்தியிருக்க வேண்டும்.