செவ்வாயின் காற்றைப் பறித்தது சூரியனே

நடுவர் அவர்களே, எதிரணித் தோழர்களே, அரங்கில் நிறைந்திருக்கும் சேலத்துப் பெருமக்களே, வணக்கம்!

செவ்வாய் தன் காற்றை இழந்ததற்குப் பெரிதும் காரணம் அதன் சிற்றுடலா, சூரியத் துகள்களா என்பது தலைப்பு. ஏற்காட்டு உச்சியில்கூட காற்றழுத்தம் 850 மில்லிபார் அளவில் இருக்கிறது. செவ்வாயின் தரையில் வெறும் 6! 'ஈர்ப்பு குறைவு, அதனால் காற்று தானாகவே போய்விட்டது' என்றார் எதிரணித் தலைவர். தானாகப் போகுமா என்று கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

செவ்வாயை விட்டுத் தப்ப ஓர் அணுவுக்கு விநாடிக்கு 5 கிலோமீட்டர் வேகம் வேண்டும். ஹைட்ரஜன் லேசானது, வெப்பத்தாலேயே தப்பும். அதை எதிரணிக்கே விட்டுத் தருகிறேன். ஆனால் ஆர்கான்? மேல்மண்டலக் குளிரில் அதன் சராசரி வேகம் அரைக் கிலோமீட்டர்கூட இல்லை. எதோடும் வினைபுரியாத வாயு என்பதால் பாறைக்குள் போய் ஒளிந்ததாகவும் சொல்ல முடியாது.

அந்த ஆர்கான்தான் குறைந்திருக்கிறது. ஆர்கானில் லேசான அணு ஆர்கான்-36, சற்றே கனமானது ஆர்கான்-38. செவ்வாயில் ஊர்ந்து ஆராயும் கியூரியாசிட்டி ஊர்தி அளந்தபோது, ஆர்கான்-38க்கு ஆர்கான்-36 வெறும் 4.2 மடங்கு. ஆதியில் அது சுமார் 5.5. உயரே போகப் போகக் கனமான அணு பின்தங்கும், லேசானதன் பங்கு கூடும். ஆகவே உச்சியிலிருந்து சுரண்டினால் லேசான 36தான் அதிகம் குறையும். செவ்வாயைச் சுற்றிய மேவன் விண்கலம் அந்த உயரங்களிலேயே பறந்து அளந்தது. 2017இல் வந்த முடிவு: மூன்றில் இரண்டு பங்கு ஆர்கான் விண்வெளிக்குப் போய்விட்டது.

சுரண்டியது யார்? விநாடிக்கு 400 கிலோமீட்டர் வேகத்தில் வரும் சூரியக் காற்று, அதாவது சூரியன் வீசும் மின்னூட்டத் துகள்களின் ஓட்டம். புற ஊதாக் கதிர் ஆக்சிஜனை மின்னூட்டமுள்ள அயனியாக்குகிறது. சூரியக் காற்றின் மின்புலம் அந்த அயனியைப் பிடித்து முடுக்குகிறது. சில அப்படியே வெளியேறும். சில திரும்பிப் பாய்ந்து, 200 கிலோமீட்டர் உயரத்தில் காற்றை மோதும். அந்த மோதலில் தெறித்துத்தான் ஆர்கான் வெளியேறுகிறது. இந்தத் தெறிப்பு இல்லாமல் அதற்கு வேறு வழியே கிடையாது, நடுவர் அவர்களே!

'விநாடிக்கு 100 கிராம் அயனிதானே போகிறது?' என்று கேட்டார்கள். ஆண்டுக்கு அது 3,000 டன்னுக்கு மேல்! அதுவும் இன்றைய அமைதியான சூரியனிடம். 2015 மார்ச் சூரியப் புயலில் இழப்பு பல மடங்கு உயர்ந்தது. இளமையில் சூரியனின் புற ஊதாவும் சூரியக் காற்றும் இன்றைவிட மிகக் கடுமை.

'சூரியத் துகள்களைத் தடுக்கச் செவ்வாயில் காந்தம் இருக்கிறதே' என்றும் சொன்னார்கள். இருக்கிறது. நம் கஞ்சமலையின் காந்த இரும்புத் தாதுபோல, செவ்வாயின் தென்பகுதிப் பாறைகளிலும் பழைய காந்தம் உறைந்து கிடக்கிறது. ஆனால் அது திட்டுத் திட்டானது. கோள் முழுவதையும் காத்த காந்தப்புலம் சுமார் 400 கோடி ஆண்டுகளுக்கு முன்பே அணைந்துவிட்டது. 2017 செப்டம்பர் புயலின்போது கோள் முழுவதும் துருவ ஒளி பரவியதும், தரையில் கதிர்வீச்சு இரட்டிப்பானதும் அதனால்தான்.

கடைசியாக வெள்ளிக் கோளைக் காட்டினார்கள். 'அதற்கும் காந்தமில்லை, காற்றழுத்தம் மட்டும் பூமியைப்போல 92 மடங்கு!' நல்ல கேள்வி. அங்கே தப்பும் வேகம் 10 கிலோமீட்டருக்கு மேல். கனமான கார்பன் டை ஆக்சைடு தங்கிவிட்டது. ஈர்ப்புக்கு அந்தப் பங்கு உண்டு, மறுக்க மாட்டேன். ஆனால் அங்கிருந்தும் ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் ஏறக்குறைய இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில் வெளியேறுவதை ஐரோப்பாவின் வீனஸ் எக்ஸ்பிரஸ் விண்கலம் கண்டது. அது தண்ணீரின் விகிதம்! பெரிய உடல் இருந்தும் வெள்ளியின் நீரைச் சூரியன் விட்டுவைக்கவில்லை.

அடுத்து வரும் எதிரணிப் பேச்சாளர், ஆர்கான் எப்படித் தப்பியது என்பதற்கு மட்டும் பதில் சொல்லட்டும். நன்றி, வணக்கம்!